மீன் விலகும் வெள்ளி: மன்னார்க் கரையின் நோன்புணவு எழுப்பும் வினா

ஒரு சமயம் தன்னைப் பின்பற்றுவோரிடம் குறித்த நாளில் குறித்த உணவை விலக்கும்படி கேட்கும்போது, அவ்விலக்கின் பெறுமதி விலக்கப்படும் பொருளில் இருக்கிறதா, அல்லது விலக்குபவரின் அன்றாட வாழ்வில் அப்பொருளுக்குள்ள இடத்தில் இருக்கிறதா என்பது சமய ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. நூல்களில் பேசப்படும் இவ்வினா இலங்கையின் மன்னார்த் தீவிலும் அதை அடுத்த பெருநிலக் கரையிலும் ஆண்டுதோறும் அடுப்படியிலேயே எழுகிறது. தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு ஆகிய கரையோர ஊர்களில் கத்தோலிக்க மீனவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் சேர்ந்துள்ள உரோமைத் திருச்சபையின் சட்டம் நோன்பு நாளில் இறைச்சியை விலக்கச் சொல்கிறது, மீனைத் தடுக்கவில்லை. ஆனால் இக்கரையில் மீன் நாளாந்தச் சோற்றோடு சேர்ந்தது. இறைச்சியோ ஞாயிற்றுக்கிழமைக்கும் பெருநாளுக்கும் உரியது. ஆகவே சட்டத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கும் ஒரு மீனவக் குடும்பம், வெள்ளிக்கிழமையன்று வழக்கமாக உண்பதையே உண்டுவிட்டு நோன்பும் இருந்ததாகக் கொள்ளலாம்.

இச்சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இருவகை ஒறுத்தல்கள் பேசப்பட்டன: நாளில் ஒரு முழு உணவோடு நிறுத்திக்கொள்வது ஒருசந்தி, இறைச்சியை விலக்கி உண்பது சுத்தபோசனம். பாப்பரசர் ஆறாம் பவுல் 1966இல் இவ்விதிகளைத் தளர்த்தி ஒழுங்குபடுத்தினார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்திக்கும் சுத்தபோசனத்துக்கும் உரிய நாள்கள். ஆண்டின் ஏனைய வெள்ளிக்கிழமைகள் சுத்தபோசனத்துக்குரியவை. பதினான்கு வயது நிறைந்தோரைச் சுத்தபோசனம் கட்டுப்படுத்துகிறது. இறைச்சி மட்டும் ஏன் விலக்கப்பட்டது என்பதற்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமா அக்குவினா விளக்கம் தந்திருக்கிறார். நிலத்தில் வாழ்ந்து காற்றைச் சுவாசிக்கும் விலங்கின் ஊன் மனித உடலுக்கு நெருக்கமானது என்றும், அது கூடுதலான இன்பத்தையும் ஊட்டத்தையும் தந்து புலனின்ப வேட்கையைத் தூண்டுகிறது என்றும் அவர் வாதிடுகிறார். அதே இடத்தில், பொதுவாக மீனைவிட இறைச்சியே சுவை மிகுந்தது, ஆனால் எப்போதும் அப்படியன்று என்றும், திருச்சபை பெரும்பான்மையாக நிகழ்வதைக் கருதியே விதி வகுத்தது என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். ஐரோப்பிய நிலத்தை மனத்திற்கொண்டு வகுத்த விதி எல்லாக் கரைகளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பதை அந்த ஒரு சலுகை வாக்கியமே சொல்லிவிடுகிறது.

அவ்விதி முழுமையாகப் பொருந்திய நாடு எதுவென்று கேட்டால் போலந்தைக் காட்டலாம். பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சமையலின் அடித்தளமாயிருந்த அந்நாட்டில், 966இல் அரசன் மியெஷ்கோ திருமுழுக்குப் பெற்றதோடு கிறிஸ்தவ நோன்பு முறையும் நுழைந்தது. அவனுடைய மகன் போலெஸ்லாவின் ஆட்சியில், நோன்புக் காலத்தில் இறைச்சி உண்டவரின் பற்கள் உடைக்கப்பட்டன என்று அக்காலத்து ஜெர்மானிய ஆயரும் வரலாற்றாசிரியருமான தீட்மார் எழுதி வைத்திருக்கிறார். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அச்சம் வழக்கமாயிற்று. தவக்காலத்தின் நாற்பது நாளும் புளிக்கவைத்த ரை தானிய மாவில் காய்ச்சும் ஜூர் என்னும் கஞ்சியும், பால்டிக் கடலிலிருந்து உப்பிட்டு வந்த ஹெர்ரிங் மீனும் ஏழைகளின் உணவாயின. தவக்காலத்தின் முடிவில் ஜூர்ப் பானையைப் புதைத்து, ஹெர்ரிங்கின் உருவத்தை மரத்தில் தொங்கவிட்டு ஊரார் ஆரவாரித்த வழக்கம் அவர்கள் அந்த உணவால் எவ்வளவு சலித்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது. அங்கே மீன் என்பதே தவம். பேசாலைக் கரையில் மீனைத் தூக்கிலிட்டு மகிழ்வதை எவராலும் எண்ணிப் பார்க்கவும் முடியாது, ஏனெனில் அங்கே மீன் வருமானம், சீதனம், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. உயிர்த்த ஆண்டவர் கரையில் மீன் சுட்டுத் தம் சீடருக்குக் கொடுத்த நற்செய்திப் பகுதியைத் தங்கள் கதையாகக் கேட்கும் மக்கள் அவர்கள்.

இந்த இடைவெளியை மன்னார்க் கரையின் கத்தோலிக்கப் பெண்கள் எந்த இறையியல் நூலையும் புரட்டாமல் தாமே நிரப்பியிருக்கின்றனர். சட்டம் கேட்காத போதும், தவக்கால வெள்ளிகளில் பல வீடுகளில் மீனும் விலகுகிறது. சில குடும்பங்கள் நாற்பது நாளும் மரக்கறியோடு நிற்கின்றன. இது சொல்வதற்கு எளிது, சமைப்பதற்கு எளிதன்று. மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதோடு வேலை முடிவதில்லை. இடியப்பத்துக்கு ஊற்றும் சொதியில் வழக்கமாக மீன்தலையோ இறாலோ கிடக்கும். அன்று தேங்காய்ப்பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்தயமும் கறிவேப்பிலையும் மட்டுமே சுவையைத் தாங்கவேண்டும். தேங்காய்ச் சம்பலில் இடித்துச் சேர்க்கும் மாசிக் கருவாடு கண்ணுக்குத் தெரியாத அளவில் கலப்பது. அம்மியடியில் கை பழக்கத்தில் அதைத் தேடிப் போகும்போதுதான் நோன்பு உண்மையில் சோதிக்கப்படுகிறது. ஒடியற்கூழின் நிலை இன்னும் கடினம். பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்த ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பைப் போக்கி, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, புளி, மிளகாய் எல்லாம் சேர்த்துக் காய்ச்சும் அந்தக் கூழிலிருந்து கடலை எடுத்துவிட்டால் எஞ்சுவது வேறொரு உணவு. அதையும் மரக்கறிக் கூழ் என்று காய்ச்சிக் குடிக்கிறார்கள். ஆனால் அதைக் குடிக்கும் எவரும் எது இல்லை என்பதை அறியாமல் குடிப்பதில்லை. போலந்தின் உழவன் இறைச்சியை இழந்தபோது உணர்ந்ததை இவர்கள் மீனை இழக்கும்போது உணர்கிறார்கள் என்பதால், சட்டத்தை மீறாமலே சட்டத்தின் நோக்கம் இங்கு நிறைவேறுகிறது.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு முதலில் தோன்றும் விடை சைவ அயலவர் என்பதே. சைவ மரபில் மீனும் புலாலே. நிலத்து ஊன், நீர்வாழ் ஊன் என்ற பிரிவுக்கு அங்கே இடமில்லை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரும் பின்னர் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரச் சிவன் கோயில் மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கிறது. சிவராத்திரியன்று அடியார்கள் உண்ணாது விழித்திருந்து, பாலாவித் தீர்த்தத்தில் நீர் மொண்டு சுமந்து சென்று மகாலிங்கத்துக்கு ஊற்றுகின்றனர். வெள்ளிக்கிழமை வீட்டில் மீன் நுழையக் கூடாது என்ற ஒழுங்கு சைவ வீடுகளில் உண்டு. ஆயினும் ஒரு தடை உண்டு: கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவரின் ஐம்பது நாள் நோன்பும் மீன், முட்டை, பால் அனைத்தையும் விலக்குகிறது, அது கீழைத் திருச்சபைகளின் பொது மரபு. எனவே மீன் விலக்கை முழுவதும் சைவச் செல்வாக்கு என்று முத்திரையிடுவது அவசர முடிவாகும். இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த மன்னார்க் கத்தோலிக்கருக்குக் கீழைத் திருச்சபையோடு நேரடித் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை என்பதால், அயலவரின் கண் முன்னே வாழ்ந்ததே பெரிய காரணம் என்று கொள்வது பொருத்தம். சைவ வீட்டுக்காரர் மீனையும் விட்டுவிட்டு விரதம் இருக்கும் ஊரில், மீன்குழம்போடு உண்டுவிட்டு நானும் நோன்பு என்று சொல்ல ஒரு கிறிஸ்தவத் தாய்க்கு நா எழுந்திராது.

வரலாறும் இதற்கு இடம் கொடுத்தது. மன்னாரின் முதற் கிறிஸ்தவர்கள் 1544இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவின் கையால் திருமுழுக்குப் பெற்றனர். அதே ஆண்டில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் அவர்களுள் ஏறக்குறைய அறுநூறு பேர் கொல்லப்பட்டனர், அவர்களின் நினைவு தோட்டவெளியில் போற்றப்படுகிறது. 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். அவர்களின் கப்பல்கள் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த மிளகாய் இன்று கறித்தூளின் உயிராகவும், அவர்களிடமிருந்து வந்த பாண் காலையுணவாகவும் நிலைத்துவிட்டன. 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. மாந்தையிலிருந்த அன்னையின் திருவுருவத்தை 1670இல் மக்கள் காட்டுக்குள் மடுவுக்குக் கொண்டுசென்றனர். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்த யோசேப்பு வாஸ் அடிகளுக்கு முன்னர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலையான குருக்கள் இன்றியே இம்மக்கள் விசுவாசத்தைக் காத்தனர். அக்காலத்தில் நோன்பை மீறியவரின் பல்லை உடைக்க அரசன் இருக்கவில்லை. ஆட்சி செய்தவர்களோ நோன்பை விட்டால் மகிழ்ந்திருப்பார்கள். போலந்தில் வாளின் துணையோடு வேரூன்றிய ஒழுங்கு மன்னாரில் வாளுக்கு எதிராக நின்று நிலைத்தது. கட்டாயம் இல்லாத இடத்தில் தொடரும் விலக்கே தவம் என்ற பெயருக்கு முழு உரிமை உடையது.

இதே கரையில் எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, முசலி ஆகிய இடங்களின் முஸ்லிம்கள் உணவைப் பற்றி மூன்றாவது சிந்தனையொன்றை முன்வைக்கின்றனர். குர்ஆன் கடல் வேட்டையை ஆகுமாக்குகிறது. மீனை அறுத்துப் பலியிடும் முறை தேவையில்லை. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலார் பின்பற்றும் ஷாஃபிஈ சட்ட மரபு கடலுணவில் ஹனஃபி மரபைவிடத் தாராளமானது. ரமழானில் விலக்கப்படுவது குறித்த உணவன்று, நேரம்: வைகறையிலிருந்து அந்திவரை நீர்கூட இல்லை, அந்தியில் பேரீச்சம்பழமும் தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு சேர்த்த நோன்புக் கஞ்சியும். எதை உண்பது என்ற கேள்வியை விட்டு எப்போது உண்பது என்று கேட்கும் நோன்பு, செல்வர் ஏழை இருவரையும் ஒரே பசியில் நிறுத்துவதில் மற்ற இரண்டையும்விடக் கண்டிப்பானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2025இல் சிவராத்திரி பெப்ரவரி 26இலும் திருநீற்றுப் புதன் மார்ச் 5இலும் வர, இடையில் மார்ச் தொடக்கத்தில் ரமழானும் பிறந்தது. ஒன்றரை வாரத்துக்குள் மூன்று சமயத்தவரும் மூன்று விதமாகப் பசித்திருந்தனர்.

பசி ஒன்றாயிருப்பதால் மனமும் ஒன்றாயிருக்கும் என்று நம்பிவிட முடியாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றிய பின், நோன்புக் கஞ்சி காய்ச்சிய வீடுகள் இருபது ஆண்டுகளாக வெறுமையாய்க் கிடந்தன. பெருநாள் சாப்பாட்டுக்கு அயல்வீட்டுக்குச் சென்ற தட்டுகள் நின்றுபோயின. 2019 மார்ச் 3ஆம் திகதி, சிவராத்திரிக்கு முந்திய நாளில், திருக்கேதீச்சரக் கோயிலின் நுழைவு வளைவு தொடர்பாகக் கத்தோலிக்கருக்கும் சைவருக்கும் இடையே மோதல் எழுந்தது. மூன்று நாளில் திருநீற்றுப் புதன். சைவரிடமிருந்து மீன் விலக்கைக் கற்றுக்கொண்ட ஒரு சமூகத்தின் நோன்பு வாசலில் இது நிகழ்ந்தது வேதனைக்குரியது. போலந்திலும் இதற்கொப்பான, அளவில் ஒப்பிடவே முடியாத துயரம் ஒன்று உண்டு. கிறிஸ்மஸுக்கு முந்திய இரவின் இறைச்சியில்லாத விருந்தில் பரிமாறப்படும் கெண்டை இன மீனை உலர்திராட்சையும் வாதுமையும் சேர்த்து இனிப்பாக ஆக்கும் முறையை அங்குள்ளோர் இன்றும் யூதப் பாணி என்றே அழைக்கின்றனர். அந்தப் பாணியைக் கொடுத்த போலந்து யூதர்களில் ஏறக்குறைய முப்பது இலட்சம் பேர் நாசிகளால் கொல்லப்பட்டனர். அயலவரின் சமையல் தட்டில் தங்கியிருப்பது அயலவர் காக்கப்பட்டார் என்பதற்குச் சான்றாகாது.

ஆகவேதான் இசையாஸ் இறைவாக்கினர் பட்டினிக்கு விதித்த நிபந்தனை, அதாவது பசித்தவரோடு உணவைப் பகிர்வதே கடவுள் விரும்பும் நோன்பு என்பது, மீனா இறைச்சியா என்ற வினாவுக்கு மேலே நிற்கிறது. உரோமையருக்கு எழுதிய மடலில் பவுல், உண்பவர் உண்ணாதவரை இகழவேண்டாம், உண்ணாதவர் உண்பவரைத் தீர்ப்பிடவேண்டாம் என்று அறிவுறுத்துவதும் இங்கே நினைக்கத்தக்கது: மீன் விலக்கும் வீடு, வெள்ளியன்று மீன் உண்ணும் வீட்டைக் குறைவாக எண்ணினால் விலக்கின் பயன் அக்கணமே போய்விடும். ஆனால் இந்த எச்சரிக்கை வழக்கத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை. இறைச்சி விலக்கு ஒரு கண்டத்தின் பசியை அளந்து வகுக்கப்பட்டது; மீன் விலக்கு இக்கரையின் பசியை அளந்து மக்களே கண்டது; மன்னாரைப் பொறுத்தவரை இரண்டாவதே உண்மையான சுத்தபோசனம்.

இவ்வழக்கம் இதுவரை தாயிடமிருந்து மகளுக்கு வாய்ச்சொல்லாகவே வந்திருக்கிறது. மறைக்கல்வி நூல்கள் பொதுச்சட்டத்தை மட்டும் சொல்வதால், வெளிநாடுகளுக்குப் புலம்பெயர்ந்த மன்னார்க் குடும்பங்களின் பிள்ளைகள் மீன் நோன்புணவுதான் என்று கற்று வளர்கின்றனர். 1981இல் தோன்றிய மன்னார் மறைமாவட்டத்தின் பங்குகள் இதனை எழுத்தில் பதிந்து வைக்கவேண்டும். அதற்குத் தடை ஏதுமில்லை: நோன்பும் சுத்தபோசனமும் அந்தந்த நாட்டில் எவ்வாறு கடைப்பிடிக்கப்படவேண்டும் என்று விரிவாக வரையறுக்கும் அதிகாரத்தை, 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு 1253ஆம் இலக்க விதியில் ஆயர் பேரவைகளுக்கே வழங்கியிருக்கிறது.