ஆற்றலும் அறமும்

ஒருவன் பெற்ற திறமையை எக்காலத்தும் வெளிப்படுத்திக்கொண்டே இருப்பதுதான் அவன் கடமையா? அன்றி, அதனை அடக்கி வைப்பதே அறமாகும் காலமும் உண்டா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நார்வே நாட்டு வீரர் பிர்கர் ரூட்டின் வாழ்வை எண்ணிப் பார்த்தல் தகும்.

வெள்ளிச் சுரங்கங்களால் பெயர்பெற்ற கோங்ஸ்பெர்க் நகரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குத் தாண்டலில் தங்கம் வென்றார். 1936இல் ஜெர்மனியில் நடந்த ஒலிம்பிக்கில் மலைச்சரிவுப் பனிச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் சரிவில் விரைந்திறங்கும் ஓட்டத்தில் ரூட்டே முதல்வர். வளைந்து செல்லும் ஓட்டத்தில் ஒரு வாயிலைத் தவறவிட்டதால், இரண்டையும் கூட்டிய முடிவில் நான்காம் இடமே கிட்டியது. எனினும் மனந்தளராமல், அதே விழாவில் தாண்டலில் மீண்டும் தங்கம் வென்றார்.

1940ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மன் படை நார்வே மீது படையெடுத்தது. விளையாட்டுக் கழகங்களைத் தன் பிடிக்குள் கொணர நாஜி ஆட்சி முனைந்தபோது, நார்வே வீரர்கள் அதன் போட்டிகளைப் புறக்கணித்தனர். ரூட்டும் அவர்களோடு நின்றார். 1943இல் அவர் கிரினி சிறை முகாமில் அடைக்கப்பட்டார்.

“விளையாடுவதே வீரன் தொழில், அரசியல் அவனுக்கு எதற்கு?” என்று வினவலாம். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. உடல் வலிமை உச்சத்தில் நிற்கும் ஆண்டுகள் சிலவே. இழந்தால் அவை திரும்பி வாரா. ஆயினும், கொடியோர் நடத்தும் விழாவில் வீரன் பெறும் கைத்தட்டல் அவனோடு நிற்பதில்லை. விழா நடத்துவோரின் ஆட்சிக்கும் அது நற்சான்றாகிவிடுகிறது. அந்நிலையில் ஆடாதிருத்தல் சோம்பலன்று. அதுவும் ஒரு செயலே. இழப்பதற்கு மிகுதியாக உடையவன் மறுக்கும்போது அம்மறுப்பின் எடையும் மிகுகிறது. பெயர் அறியப்படாத எத்தனையோ வீரர்களும் அவ்வாறே மறுத்தனர் என்பதையும் மறத்தலாகாது.

1948இல் செயின்ட் மோரிட்ஸ் நகருக்குப் பயிற்சியாளராகச் சென்ற ரூட், தாமே களமிறங்கி, 36ஆம் வயதில் தாண்டலில் வெள்ளி வென்றார். தங்கம் பெற்ற பெட்டர் ஹுக்ஸ்டெட்டும் கோங்ஸ்பெர்க் நகரத்தவரே. தியாகத்திற்குக் கிடைத்த பரிசு அவ்வெள்ளி என்று கூறுதல் பொருந்தாது. அது கிட்டாதிருந்தாலும் அவர் செய்தது சரியே. பயன் நோக்கிச் செய்வது அறமாகாது அன்றோ? திறமையை வளர்ப்பது பயிற்சி. அதனை எவருக்காகப் பயன்படுத்துவது என்று தெளிவதே கல்வி. மாணவர்க்கு இவ்விரண்டும் வேண்டும்.