குற்றவுணர்வைக் கரைத்த மாத்திரை

1773-ஆம் ஆண்டு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் ஒரு கனவு கண்டார். கடவுள் தன்னை நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்று அதற்குப் பிறகு உறுதியாக நம்பினார். இன்றும் தேவாலயங்களில் பாடப்படும் துதிப்பாடல்களை எழுதியவர், 1800-இல் சாகும்வரை பெரும்பாலும் அந்த எண்ணத்திலேயே தவித்தார். பக்திக்குக் குறைவில்லை, நண்பர் ஜான் நியூட்டனின் அன்புக்கும் குறைவில்லை. இல்லாதது அவருடைய கடும் மனச்சோர்வுக்கான மருந்துதான்.

அந்த மருந்து 1956-இல் ஏறக்குறைய தற்செயலாகக் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் மனநல மருத்துவர் ரோலாண்ட் கூன், மனச்சிதைவுக்குப் பயன்படாமல் போன ஒரு மருந்தைக் கடும் மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே முகங்கள் தெளிந்தன. 1957-இல் சுமார் 40 பேரின் அனுபவத்தை அவர் எழுதினார். அதுதான் இமிப்ரமின். (நோயாளிகளின் சம்மதம் பெறாமல் அங்கே மருந்துகள் சோதிக்கப்பட்டதும் பின்னாளில் தெரியவந்தது. அந்தப் பிழையை இந்தப் பெருமை மறைத்துவிடக் கூடாது.)

கூன் மனிதனை வெறும் ரசாயனமாகப் பார்த்தவர் அல்ல. மனநல மருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கரின் இருத்தலியல் சிந்தனையில் ஊறியவர். அவர் கண்டெடுத்த மாத்திரைதான் சங்கடமான கேள்வியை எழுப்பியது. 'நான் பாவி' என்று புலம்பியவரின் குற்றவுணர்வு மாத்திரையில் கரைந்துபோனால், அது முதலிலேயே பொய்தானா? அப்படியென்றால், அவருடைய நம்பிக்கையும் ரசாயனம்தானா?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு 1902-லேயே விடை சொல்லிவிட்டார். ஓர் எண்ணம் உடலின் எந்த மூலையில் பிறந்தது என்பதைக் கொண்டு அதன் மதிப்பைத் தீர்மானிக்க முடியாது என்றார். நாத்திகரின் மறுப்புக்கும் உடலில் வேர் உண்டு, பக்தரின் பரவசத்துக்கும் உண்டு. மாத்திரை யாருக்கும் இறையியல் கற்பிப்பதில்லை. தன் குற்றம் எது, தன் நோய் எது என்று பிரித்துப் பார்க்கும் தெம்பை அது பலருக்குத் திருப்பித் தருகிறது. மனந்திரும்புவதற்கும் அந்தத் தெம்பு வேண்டும்.

ஆனால் மாத்திரை எல்லோருக்கும் அப்படிப் பலன் தருவதில்லை. 2018-இல் ஆய்வாளர் சிப்ரியானியின் குழு மனச்சோர்வு மருந்துகள் பற்றிய 522 ஆய்வுகளை, 1,16,477 பேரின் தரவுகளை அலசியது. ஆராயப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையை விடக் கூடுதல் பலன் தந்தன. ஆனால் வித்தியாசம் பெரும்பாலும் மிதமானதே. மூளையில் செரோடோனின் என்ற ரசாயனம் குறைவதுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்ற பழைய விளக்கமும் இன்று ஆட்டம் கண்டிருக்கிறது.

இந்தக் குறைகளைக் காட்டி, பிரார்த்தனை போதும் என்று ஒருவரின் மாத்திரையை நிறுத்தச் சொல்வது கொடுமை. உங்கள் வீட்டில் யாராவது மனச்சோர்வில் தவித்தால், அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த விடாதீர்கள்.