குழந்தைகளின் பொருட்டு

பெற்றோர் மேற்கொள்ளும் முடிவுகளுள் ‘குழந்தைகளின் பொருட்டு’ என்று சொல்லப்படும் முடிவுகளே மிகக் குறைவாக ஆராயப்படுகின்றன. அச்சொல்லைக் கேட்டவுடன் சுற்றத்தார் மறுமொழி கூற இயலாது வாயடைத்து நிற்பர். சொன்னவரும் தம் நெஞ்சை மேலும் வினவுவதில்லை. நகர வாழ்வைத் துறந்து, சிறு பிள்ளைகளோடு மலையூர் ஒன்றில் குடியேற எண்ணும் பெற்றோரிடத்து இஃது எவ்வாறு தொழிற்படுகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கோலாலம்பூரில் வாழும் இளந்தம்பதியர் ஒருவரைக் கருத்திற் கொள்வோம். ஆறு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் அவர்களுக்கு உண்டு. பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் செல்கின்றனர். நெஞ்சிரைப்பால் அல்லலுறும் மகன் அங்கு இரவு முழுவதும் அமைதியாக உறங்குகிறான். 2015-ஆம் ஆண்டின் புகைமூட்டத்தில் பள்ளிகள் மூடப்பட்டதும், அவை திறந்த நாள்களிலும் பிள்ளைகள் மூக்கை மூடிக்கொண்டு சென்றதும் தாயின் நினைவுக்கு வருகின்றன. தந்தையோ 2020-இல் பெருந்தொற்று வந்தது முதல் வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பணியாற்றப் பழகியவர். ‘இங்கேயே தங்கிவிட்டால் என்ன?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘பிள்ளைகளுக்கும் நல்லதுதானே’ என்கிறார் மற்றவர்.

இவ்விருப்பத்தை வெறும் மயக்கம் என்று தள்ளிவிட முடியாது. தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திற்கு 1,400 மீட்டருக்கு மேல் அமைந்தது. நண்பகல் வெப்பம் 25 பாகையைக் கடப்பது அரிது. நல்ல காற்றும், நடந்தே செல்லத்தக்க தொலைவில் கடைத்தெருவும் குழந்தைகளுக்கு உண்மையான நன்மைகளே. நகரிலேயே தங்கியிருப்பதும் பிள்ளைகளைக் கேளாமல் செய்த தேர்வுதான் என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் விடுமுறையிற் கண்ட ஊர் வேறு. குடியிருக்கும் ஊர் வேறு. பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், பேராக்கின் தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் பாதையே அம்மலையின் பழைய வாயில். வார இறுதியில் அப்பாதையில் ஊர்திகள் எறும்பென ஊர்ந்து செல்லும். மாவட்ட மருத்துவமனை இருப்பினும் சிறப்பு மருத்துவம் வேண்டின் ஈப்போவுக்கு இறங்க வேண்டும். மூச்சுத்திணறும் குழந்தைக்கு நள்ளிரவில் அவ்வளைவுகள் எத்துணை நீளமாகத் தோன்றும்! மழைக்காலத்தில் மண் சரிவதும் அங்குப் புதிதன்று. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில், 1963-இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கர் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றுவெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டது. மேட்டுநிலத்துக் காடுகளை வெட்டிக் காய்கறித் தோட்டங்கள் பெருக்கியதால் ஆற்றிலும் அணையிலும் மண்படிவு மிகுந்திருந்தது. தூய்மையை நாடி வருவோர் கண்டு களிக்கும் தோட்டங்களுள் சில அம்மண்ணின் பிறப்பிடமே.

நிலத்தின் நன்மை அதில் வாழும் மக்களின் நன்மையே என்பது புறநானூற்றில் ஔவையார் தரும் முடிவு. பள்ளமோ மேடோ, அவருக்கு வேறுபாடு இல்லை. தமிழாசிரியர் பலரும் இதனை வகுப்பில் விரும்பிக் கற்பிப்பர். ஆனால் அக்கூற்று வளர்ந்தோரை நோக்கியது. வளர்ந்தவன் தன் ஒழுக்கத்தால் நிலத்தைத் திருத்த வல்லவன். மூன்று வயதுக் குழந்தையோ நிலம் தருவதைப் பெற்றுக்கொள்வதன்றி வேறறியாது. தன்னோடு விளையாடத் தமிழ் பேசும் பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டில் இல்லையெனில், அக்குறையை அதனால் எடுத்துச் சொல்லவும் இயலாது. ஈராண்டு கழித்து அதன் பேச்சில்தான் அது தெரியவரும். மலையில் தமிழ்ப்பள்ளி உண்டு. ஆனால் பள்ளி விட்ட பின் மாலை முழுவதும் எந்த மொழியில் கழிகிறது என்பதே பெரிய வினா. (மலைப்பள்ளிக்கு மாற்றல் ஆணை பெற்ற ஆசிரியருள் எத்தனை பேர் மகிழ்ந்தனர் என்பதை ஆசிரியர்களே அறிவர், அவர்கள் குளிரை வெறுத்தவர்கள் அல்லர்.)

இவற்றையெல்லாம் எண்ணிய பின்னும் ஒருவர் குடிபெயரலாம். அதில் அறப்பிழை ஏதுமில்லை. பிழை நேருமிடம் வேறொன்று. மேலே கூறிய தந்தை நெரிசலில் நாள்தோறும் மூன்று மணி நேரம் இழந்து களைத்தவர். மேலதிகாரியின் முகத்தைக் காணவும் விரும்பாதவர். மலைக்குப் போக விரும்பியவர் முதன்மையாக அவரே. களைப்பு குற்றமன்று. களைத்த தந்தையைக் காட்டிலும் மலர்ந்த முகமுடைய தந்தை பிள்ளைகளுக்கு நல்லவர் என்பதும் மெய்யே. ஆனால் தம் இளைப்பாறுதலைப் பிள்ளைகளின் கணக்கில் எழுதும்போது, அவர் அறியாமலே அவர்கள்மேல் ஒரு கடன் ஏறுகிறது. மகள் பதினைந்து வயதில், தோழியரும் நூலகமும் நகரில் இருக்கத் தான் மட்டும் மலையில் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்பாள். ‘உனக்காகத்தானே எல்லாவற்றையும் விட்டுவந்தோம்’ என்ற விடை கிடைக்கும். கேளாத பொருளுக்கு விலை கேட்பது போன்றது அது. ‘எனக்குத் தாங்கவில்லை அம்மா, உங்களையும் அழைத்து வந்தேன்’ என்று சொல்லும் தந்தையிடம் அவள் சினந்து கொள்ளலாம், ஆனால் கடன்பட்டவளாக நிற்கமாட்டாள்.

இவ்வுண்மையை அம்மலையின் பழங்குடும்பங்களிடம் தெளிவாகக் காணலாம். 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு அங்குச் செல்லுமுன்பே பூர்வகுடி மக்களுக்கு அது சொந்த மண்ணாக இருந்தது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் நிறுவப்பட்டது. மலையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். அவர்கள் பிழைப்புக்காகவே ஏறினர். பிள்ளைகளின் நலத்துக்காக ஏறினோம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை. பிள்ளைகளின் பொருட்டு அவர்கள் செய்தது, அவர்களைப் படிக்க வைத்துக் கீழே அனுப்பியதே. இன்று கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். லயத்தில் பிறந்த மகன் கோலாலம்பூரில் நெரிசலில் நிற்கிறான். அதே நெரிசலை விட்டு வந்த மற்றொருவர் அவன் பிறந்த ஊரில் வீடு தேடுகிறார். இருவரும் ‘பிள்ளைகளின் பொருட்டு’ என்றே கூறுகின்றனர்.

ஆகவே வீடு தேடும் தம்பதியர் விடுமுறைக் காலத்தில் அல்லாது, மழை பொழியும் நவம்பர் மாதத்து வாரநாள் ஒன்றில் மலையேறுவது நன்று. பள்ளி விடும் நேரத்தில் வாயிலருகே நின்று, வெளிவரும் பிள்ளைகள் எம்மொழியில் கூவிக்கொண்டு ஓடுகின்றனர் என்று கேட்கலாம். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனை அழைத்து, வளர்ந்த பின் எங்கே இருக்கப் போகிறாய் என்று வினவலாம். அவன் தாப்பா செல்லும் சாலையைக் கைகாட்டினால், ஏன் என்றும் கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குடையின்கீழ்ப் பொறுமையாக நிற்கலாம்.