ஒன்பது உருவங்களும் கேட்கப்படாத கேள்வியும்

ஒரு தாளில் ஒன்பது பெண் உருவங்கள். இடது ஓரத்தில் இருப்பவள் எலும்பும் தோலுமாக இருக்கிறாள்; வலது ஓரத்தில் இருப்பவள் மிகப் பருமனாக இருக்கிறாள். "இதில் நீங்கள் யார்?" என்று ஆய்வாளர் கேட்கிறார். அடுத்து, "யாரைப் போல இருக்க விரும்புகிறீர்கள்?" இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணினால் அவளுடைய 'உடல் அதிருப்தி' கிடைத்துவிடும். 1983இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட இந்தப் படவரிசை பல நாடுகளுக்கும் போனது.

மேற்குலக உடல்வாகில் வரைந்த கோட்டோவியத்தில் ஆப்பிரிக்கப் பெண் தன்னை எங்கே தேடுவாள்? இந்தக் குறையை உணர்ந்து, கேமரூனியர் 80 பேரையும் செனகல் நாட்டவர் 81 பேரையும் அளந்து, நேராகவும் பக்கவாட்டிலும் புகைப்படம் எடுத்து, ஆப்பிரிக்கர்களுக்கென ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள்; 2015இல் அது வெளியானது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் உருவங்கள்தான் மாறின; கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

அந்த இரண்டு கேள்விகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. 'நான் யார்' என்பதற்கு நான் தவறாக விடை சொல்ல முடியும். எடைக்கருவி என்னை மறுக்கலாம். 'யாராக விரும்புகிறேன்' என்பதில் தவறு என்று ஒன்று கிடையாது. அதற்குக் காரணங்கள்தான் உண்டு.

1980களில் உகாண்டாவில் எய்ட்ஸுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஸ்லிம்'. மெலிவதுதான் நோயின் முகமாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை ஒட்டிய கயெலிட்ஷாவில் ஆய்வாளர்கள் பெண்களிடம் பேசியபோதும் இதே அச்சம் வெளிப்பட்டது: மெலிந்தால் எச்.ஐ.வி. என்று ஊர் பேசும். பருத்திருந்தால் கணவன் நன்றாக வைத்திருக்கிறான் என்று மதிக்கும். இப்படி வாழும் ஒருத்தி ஏழாவது உருவத்தைத் தொடும்போது அவள் கேட்பது கொழுப்பையா, மரியாதையையா? படிவத்தில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

இதைச் சொல்லிவிட்டு, 'ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் உடலை நேசிக்கிறார்கள்' என்று மகிழ்ந்து முடித்துவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கத் தேசியக் கணக்கெடுப்பில் பெண்களில் 68 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர்; ஆண்களில் 31 விழுக்காட்டினர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பண்பாட்டைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. பருத்த உடலைப் போற்றுவதே விடுதலையும் ஆகிவிடாது. மௌரித்தானியாவில் 'லெப்லூ' என்ற வழக்கப்படி சிறுமிகளுக்குப் பாலையும் உணவையும் வற்புறுத்திப் புகட்டுகிறார்கள், திருமணச் சந்தைக்காக. மெலியச் சொல்லும் கண்ணும் பருக்கச் சொல்லும் கண்ணும் பல நேரங்களில் ஒரே கண்தான்.

ஆகவே அளக்காமல் இருக்க முடியாது. ஆனால் அளவுநாடா அங்கே வெறுங்கையோடு வந்து சேரவில்லை. கொய்கொய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் 1810இல் லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவருடைய இடுப்புக்காகவே காட்சிப்பொருள் ஆக்கப்பட்டார். 1815இல் பாரிஸில் அவர் இறந்ததும் ஜார்ஜ் குவியே அந்த உடலை அறுத்து ஆராய்ந்தார். எலும்புக்கூடு 1970கள் வரை அருங்காட்சியகத்தில் நின்றது. 2002இல்தான் சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. அவரை அளந்தவர்களும் அறிவியல் என்றுதான் சொன்னார்கள். அவர் என்ன நினைத்தார் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்றைய ஆய்வாளர் கேட்கிறார். அது பெரிய வேறுபாடு. ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார். பருமனான பெண் தன் உடலைச் 'சரி' என்று சொன்னால், அது 'தவறான எடை உணர்வு' என்று பதிவாகிறது. தன் எடை அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அல்லது தெரிந்தே, மெலிவதற்கு ஊர் விதிக்கும் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கலாம். முதலாமவளுக்குத் தகவல் தேவை. இரண்டாமவளிடம் தகவலை எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. மாற வேண்டியது அவளைச் சுற்றியிருக்கும் பேச்சு.

இருவரையும் பிரித்தறிய இன்னும் ஒரே ஒரு கேள்வி போதும். அவள் விரல் ஓர் உருவத்தின் மேல் நின்றதும், "யாருடைய கண்ணுக்காக?" என்று கேட்க வேண்டும். அந்த விடையை எண்ணாக்க முடியாது. எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.