நோன்பும் நோயும்

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர் குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைப் பழங்கல்வெட்டு உரைக்கின்றது. அத்துன்பம் அவர் தாமே விரும்பி ஏற்றது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயால் மாதந்தோறும் துடிக்கும் பெண்ணின் வலியோ அத்தகையதன்று. மகப்பேற்று வயதுப் பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டென உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவர்களை நோக்கிப் ‘பொறுத்துக்கொள்’ என நாம் கூறுவது அறமாகுமா?

ஆஸ்திரேலிய அரசு 2018இல் இந்நோய்க்கெனத் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் இல்லந்தேடி மருந்தளித்தது. அவ்வாறே இவ்வலியையும் வினவியறிய அரசு வழிசெய்தல் வேண்டும் என்பது நம் கருத்து. தணிக்கத்தக்க துன்பத்தைக் கண்டும் வாளாவிருத்தல் இம்சையே. பொறுமை நாம் நோற்பதற்குரியது, பிறர்மேல் சுமத்துவதற்குரியதன்று.