தியாகமும் கடனும்

மொன்றியால் தீவின் வடகரையில், ரிவியேர் தே பிரேரி ஆற்றை ஒட்டி இருக்கிறது அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில். அந்தப் பெயரின் முதற்பாதி ஒரு சாவிலிருந்து வந்தது. 1625ஆம் ஆண்டு நிக்கொலா வியேல் என்ற ரெக்கொலே சபைத் துறவியும், அஹுன்ட்சிக் என்று அழைக்கப்பட்ட அவருடைய துணைவரும் அந்த ஆற்றின் நீர்ச்சுழிப்பில் மூழ்கி இறந்தார்கள். படகோட்டி வந்தவர்களே அவர்களைத் தண்ணீரில் தள்ளினார்கள், ஆகவே இருவரும் வேதசாட்சிகள் என்று இருநூறு, முந்நூறு ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். அது வெறும் படகு விபத்தாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் ஐயப்பட்டார்கள். அஹுன்ட்சிக் ஞானஸ்நானம் பெற்ற ஹூரோன் பழங்குடியினரா, ஹூரோன்கள் பட்டப்பெயர் சூட்டிய பிரெஞ்சு இளைஞரா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இறந்தவர்கள் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்கள் சாவுக்குப் பொருள் கொடுத்தவர்கள் கரையில் நின்றவர்கள். இதே பகுதியில், கிரெமாஸி பெருவீதியில், ஆந்திரே-கிராசே கல்லூரி இருக்கிறது. 1927இல் சுல்பீசியக் குருக்கள் அதைத் தொடங்கினார்கள். கிராசே 1758இல் மொன்றியாலில் பிறந்து பிரான்சில் குருவானவர். புரட்சி அரசு கேட்ட விசுவாசப் பிரமாணத்தை எடுக்க மறுத்து, 1792 செப்டம்பர் 2 அன்று பாரிசின் கார்மெலைட் மடத்தில் கொல்லப்பட்டார். 1926இல் முத்திப்பேறு பெற்றார். அவர் விஷயத்தில் குழப்பமே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உயிர் பிழைத்திருப்பார். என்ன நேரும் என்று தெரிந்தே மறுத்தார்.

கிராசேயின் பெயரைத் தாங்கிய கல்லூரியின் ஃபீனிக்ஸ் அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர் லோரான் துவெர்னே-தார்திஃப். பிறகு மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டே ஆடினார். 2014இல் புதிய வீரர்களுக்கான ஆண்டுத் தேர்வில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி அவரை 200ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2018 மே மாதம் மருத்துவப் பட்டம் வாங்கினார். 2020 பிப்ரவரி 2 அன்று சான் பிரான்சிஸ்கோ அணியை 31-20 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கிய அணியின் வலது கார்டு அவர். அந்த ஆண்டு ஜூலையில், பெருந்தொற்றைக் காரணம் காட்டி அந்தப் பருவத்தில் ஆடுவதில்லை என்று அறிவித்த முதல் என்.எஃப்.எல். வீரரும் அவர்தான். கியூபெக்கின் முதியோர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்தார். ஆட்டக்களத்தையும் இல்லத்தையும் சேர்த்துப் பேசிய எல்லாரும் ஒரே சொல்லைக் கையில் எடுத்தார்கள்: தியாகம். ஒருவருடைய இழப்பை எப்போது தியாகம் என்று சொல்லலாம்? அதைவிட முக்கியமாக, அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

வலது கார்டு என்ன செய்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசுபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள்: நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டுகள், விளிம்புகளில் டேக்கிள்கள். வீசிய பந்தைப் பிடிக்கும் உரிமை சாதாரணமாக இவர்களுக்கு விதிப்படியே கிடையாது. எதிரணிக்காரர்கள் குவார்ட்டர்பேக்கை நெருங்காமல் சில விநாடிகள் உடம்பால் அடைத்து நிற்பதுதான் வேலை. ஓடிய தூரம், பிடித்த பந்துகள், எடுத்த புள்ளிகள் என்று ஆட்டத்தின் கணக்கேட்டில் எழுதப்படும் எதுவும் இவர்கள் பெயருக்கு நேரே வராது. எதிராளியைப் பிடித்து இழுத்தால் நடுவர் கொடி எறிந்து எண்ணைச் சொல்லுவார், அணி பத்து கெஜம் பின்வாங்கும். அப்போதுதான் அரங்கம் அந்த எண்ணைக் கேட்கும். துவெர்னே-தார்திஃபின் எண் 76. வேலை சரியாக நடந்தால் ஆள் தெரியக் கூடாது. பலனில் பற்றில்லாத வினை என்பதற்கு இதைவிடத் துல்லியமான உடல் வடிவம் கிடைக்காது என்று கீதை படித்த ஒருவருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை. மேடையில் யாருக்கோ விருது போகும், வரிசையில் நின்றவர் தோளைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஆனால் இந்த ஒப்புமையில் ஒரு வழுக்கல் இருக்கிறது. பெயர் தெரியாமல் உழைப்பது தன்னளவில் அறமாகிவிடாது. கொள்ளைக்கூட்டத்திலும் பெயர் தெரியாமல் காவல் நிற்பவன் உண்டு. வேதசாட்சியை உருவாக்குவது பட்ட வேதனை அல்ல, எதற்காகப் பட்டார் என்பதுதான் என்று புனித அகஸ்டின் தம் காலத்துச் சண்டைகளில் திரும்பத் திரும்ப வாதிட்டார். அந்த அளவுகோலோடு இன்னும் இரண்டைச் சேர்க்கலாம்: கொடுப்பவருக்கு விலை தெரிந்திருக்க வேண்டும், மறுக்கும் வழியும் திறந்திருக்க வேண்டும். கிராசேயிடம் மூன்றும் இருந்தன. வியேலிடம் இருந்தனவா என்பது ஆற்றுக்குத்தான் தெரியும்.

இந்த அளவுகோலை மைக் வெப்ஸ்டர் மீது வைத்துப் பார்க்கலாம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர், நான்கு சூப்பர் பவுல் வெற்றிகளில் பங்கு, 1974 முதல் பதினேழு பருவங்கள். களத்தில் அவருக்கு ‘இரும்பு மைக்’ என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு நினைவு குழம்பி, வீடிழந்து, சில காலம் தன் வண்டியிலேயே படுத்துறங்கி, 2002இல் ஐம்பதாவது வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்த நோய்க்குறியியல் மருத்துவர் பென்னெட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப அடிபட்டதால் உண்டாகும் சிதைவை அதில் கண்டு, 2005இல் வெளியிட்டார். சி.டி.இ. என்று இன்று எல்லாரும் அறிந்த அந்த நோய் ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரரிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது முன்வரிசையில் நிற்கும் ஒரு லைன்மேனிடம்தான் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் காரணம் புரியாத ஒன்றல்ல. மற்றவர்களுக்கு எப்போதாவது நேரும் மோதல் இவர்களுக்கு ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்திலும் நேர்கிறது. மயக்கம் வராத சின்ன அடிகள், ஆயிரக்கணக்கில். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறந்துபோன 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளைப் பார்த்ததில் 110இல் அந்தச் சிதைவு இருந்தது. சந்தேகப்பட்ட குடும்பங்களே மூளைகளைத் தானம் செய்தன என்பதால் எல்லா வீரர்களுக்கும் இந்த விகிதத்தைப் பொருத்தக் கூடாது. ஆனால் வெப்ஸ்டர் ஆடிய காலத்தில் இந்தக் கேள்வியையே யாரும் அவரிடம் வைக்கவில்லை. அணிக்காகத் தன் உடலைத் தியாகம் செய்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வது உண்மைக்கு மாறானது. அவர் கொடுக்கவில்லை, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதைத் ‘தியாகம்’ என்று எழுதிவைத்தால் கணக்கு மூடப்பட்டுவிடுகிறது. தமிழில் இதற்குச் சரியான சொல் கடன். செய்ய வேண்டிய கடமைக்கும் திருப்பித் தர வேண்டிய பொருளுக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. ஒருவர் தம் கடனைச் செய்து முடிக்கும் இடத்தில்தான் மற்றவருடைய கடன் தொடங்குகிறது.

கோடிகளில் சம்பளம் வாங்குகிறவருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. துவெர்னே-தார்திஃப் 2017இல் ஐந்தாண்டுகளுக்கு நான்கு கோடி டாலருக்கும் மேலான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதில் எனக்கு மறுப்பில்லை. மருத்துவம் படித்தவர், மூளை பற்றிய ஆய்வுகள் வந்தபின் ஆடியவர். விலை தெரிந்து விற்றார். அவருடைய ஆட்டம் தியாகமுமல்ல, நமக்குக் கடனுமல்ல. நேர்மையான தொழில், அந்த மதிப்பே போதும். ஆனால் சம்பளம் தீர்ப்பது பேசிய விலையை மட்டும்தான். மறைத்து வைத்த விலையை, பேசும்போது இல்லாத விலையை அது தீர்க்காது. முன்னாள் வீரர்களுக்கு நூறு கோடி டாலர் அளவில் இழப்பீடு தரும் ஒப்பந்தத்துக்கு 2015இல் நீதிமன்ற அனுமதி கிடைத்தது. அந்த இழப்பீட்டைக் கணக்கிடும்போதோ, கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று அனுமானிக்கும் ஒரு முறை பயன்பட்டது. எதிர்ப்பு கிளம்பியபின் 2021இல்தான் அதைக் கைவிடச் சம்மதித்தார்கள்.

இனி 2020. அந்த வசந்தத்தில் கியூபெக்கில் பெருந்தொற்றின் சாவுகள் முதியோர் இல்லங்களில் குவிந்தன. ஊழியர் போதாமல் இராணுவத்தையே அனுப்ப வேண்டிவந்தது. அஹுன்ட்சிக்கின் கூவின் பெருவீதியில் உள்ள நோத்ர்-தாம்-தெ-லா-மெர்சி இல்லமும் பல முதியோரை இழந்தது. உறைவிடப் பயிற்சி முடியாததால் மருத்துவராகத் தனித்து இயங்க முடியாத துவெர்னே-தார்திஃப், மொன்றியாலுக்குத் தெற்கே ஓர் இல்லத்தில் உதவி ஊழியராகச் சேர்ந்தார். மருந்து கொடுப்பது, உணவூட்டுவது, படுக்கையில் திருப்பிவிடுவது. ஆபத்தை ஏற்பதென்றால் நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் ஏற்பேன் என்பதுதான் அவர் அறிவிப்பின் சாரம். விலை தெரியும், மறுக்க வழி இருந்தது, காரணமும் தகுதியானது. உடல் நோவுக்கு அஞ்சி வினையைக் கைவிடுவது தியாகமாகாது என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் பிரித்துக் காட்டுகிறது; அந்தச் சோதனையிலும் அவர் தேறுகிறார். ஓர் ஆபத்தை விட்டவர் இன்னோர் ஆபத்துக்குள் போனார். அடுத்த ஆண்டே ஆட்டத்துக்குத் திரும்பினாரே என்று குறை சொல்பவர்கள் உண்டு. வெள்ளத்தில் இறங்கி ஒருவரைத் தூக்கியவர் வெள்ளம் வடிந்தபின் தன் வயலுக்குத் திரும்பினால், தூக்கியது பொய்யாகிவிடுமா? 2023இல் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வை அறிவித்தார்.

இந்த வாதத்துக்கு வரும் மிக வலுவான எதிர்ப்பு சமயத்துக்குள்ளிருந்தே வருகிறது. உண்மையாகக் கொடுப்பவர் திரும்பக் கேட்க மாட்டார். நாவுக்கரசர் உழவாரத்தோடு கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கியபோது யாரிடமும் கூலி எதிர்பார்க்கவில்லை. அப்படியிருக்க, கொடையைக் கடன் என்று அழைப்பது அதைச் சந்தைக்கு இழுத்து வருவதாகாதா? நான் இதை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கண்ணன் பலனை விடச் சொன்னது அர்ச்சுனனிடம், வினை செய்கிறவனிடம். பலனை அனுபவிக்கிறவனிடம் அவன் அதைச் சொல்லவில்லை. செய்பவருடைய பற்றின்மை செய்பவரைத்தான் விடுவிக்கும். கொடுத்தவர் கேட்கவில்லை என்பதைக் காரணம் காட்டிப் பெற்றவர் எழுந்து போனால், ஒருவருடைய துறவை மற்றவர் தின்றதாக ஆகும். நம் முன்னோர் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். செங்கம் வட்டாரத்தில் தொறு எனப்படும் ஆநிரையை மீட்டு விழுந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் நிறைய கிடைத்திருக்கின்றன. ஆனால் கல் நாட்டிப் பூச்சூட்டியதோடு ஊர் நின்றுவிடவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு நிலமும் விட்டது. அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். இரத்தத்துக்கு நிலத்தை ஈடாக்க முடியாது என்று கொடுத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும் கொடுத்தார்கள். கல்லையும் நிலத்தையும் ஒன்றாக வைத்த அந்த வழக்கத்தில், புகழ்ச்சி கடனுக்குச் சாட்சியாக நின்றது; கடனுக்குப் பதிலாக நிற்கவில்லை.

துவெர்னே-தார்திஃபுக்குப் புகழ் நிறையவே கிடைத்தது. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் 2020இன் சிறந்த விளையாட்டு வீரர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அவருடைய வெள்ளை அங்கி அமெரிக்கக் கால்பந்தின் புகழ்க்கூடத்துக்குப் போனது. அவர் இதற்குத் தகுதியானவர். ஆனால் அதே தாழ்வாரங்களில் அவருக்கு முன்பும் பின்பும் நின்றவர்கள் உண்டு: பிரெபோஸே என்று அங்கே அழைக்கப்படும் பராமரிப்பு ஊழியர்கள், அவர்களில் அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர்கள் பலர். அப்போது கியூபெக் முதல்வராக இருந்த பிரான்சுவா லெகோ பராமரிப்புப் பணியாளர்களைக் ‘காவல் தேவதைகள்’ என்றார். வீட்டு வாடகைக்காக அந்த வேலையை விட முடியாமல் இருந்தவர்களுக்கு, மறுக்கும் வழி எங்கே இருந்தது? என் அளவுகோலின்படி அவர்களில் பலர் செய்ததைத் தியாகம் என்று சொல்ல இயலாது. அதனால் அவர்கள் மதிப்பு குறையவில்லை, நம் பொறுப்பு கூடுகிறது. அவர்களுக்குச் சேர வேண்டியது கடன்தான், அதுவும் வட்டியோடு. 2020 டிசம்பரில் கனடா அரசு, அவர்களில் அகதி விண்ணப்பம் போட்டிருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடம் தரும் ஒரு திட்டத்தைத் திறந்தது. நோயாளியை நேரடியாகத் தொட்டுப் பராமரித்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று வரையறுத்தார்கள். அதே இல்லங்களில் தரையைத் துடைத்தவர்களும், சமையற்கட்டில் நின்றவர்களும், வாசலில் காவல் இருந்தவர்களும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை.