யாக்கை மரபும் உயிரின் செலவும்

சேலம், நாமக்கல் சமவெளிகளிலிருந்து அறப்பளீசுவரரை வழிபடக் கொல்லிமலை ஏறும் அன்பர்கள், அடிவாரத்தினின்றும் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செல்கின்றனர். வழிநெடுகச் சுவர்களின்மேல் நாட்டுக் குரங்குகள் நிரைநிரையாக வீற்றிருக்கும். தாய்க்குரங்கு குட்டியை மடியிற் கிடத்திப் பேன் பார்த்தலைக் காண்போர், ‘இது நம்மைப் போலிருக்கின்றதே’ என்று ஒரு கணமேனும் எண்ணாதிருத்தல் அரிது. அவ்வொப்புமை புறத்தோற்றத்தளவில் நில்லாது உடம்பின் உள்ளெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளதென்று இக்கால உயிர்நூலார் நிறுவியிருக்கின்றனர். அதுகேட்டுச் சைவ மாணாக்கர் சிலர், ‘மக்களுடம்பு குரங்குடம்போடு ஒரு மரபினதாயின் ஆன்மாவும் அம்மரபினின்று தோன்றியதோ? மானுடப் பிறவியின் அருமை என்னாம்?’ என்று கலங்குகின்றனர். வேறு சிலரோ, ‘இஃதெல்லாம் மணிவாசகப் பெருமான் சிவபுராணத்தில் முன்னரே அருளியதன்றோ’ என்று களிக்கின்றனர். கலங்குவோரினும் களிப்போரே மிகுதியும் பிழைபடுகின்றனர் என்பது நம் கருத்து.

முதற்கண் உயிர்நூலார் கூறுவதை உள்ளவாறு அறிதல் வேண்டும். மக்களுடம்பின் உயிரணுவினுள்ளே நால்வகை எழுத்துக்களாலாகிய நெடுங்கோவை ஒன்று உளது. ஒருமுறை எழுதிய அளவில் அஃது ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்களையுடையது. மரபணுத்தொகுதி என்பது இதுவே. 2005-ஆம் ஆண்டில் சிம்பன்சிக் குரங்கின் கோவையை மக்கட் கோவையோடு நேர்வைத்து ஒப்பிட்டபொழுது, தனியெழுத்து வேறுபட்ட இடங்கள் சுமார் 3.5 கோடியே எனக் கண்டனர். நேர்வைக்கத்தக்க பகுதிகளில் அது நூற்றுக்கு ஒன்றேகால் அளவினது. எழுத்துக்கள் மிக்கும் குறைந்தும் வரும் இடங்கள் வேறு. கொல்லிமலைக் குரங்கிற்கு நெருங்கிய உறவாகிய வடநாட்டு ரீசஸ் குரங்கின் கோவை 2007-இல் வெளிவந்தது. 2023-இல் குரங்கு, வாலில்லாக் குரங்கு, தேவாங்கு முதலிய 233 இனங்களின் கோவைகளை ஒருங்கே ஆராய்ந்து வெளியிட்டனர்.

‘ஒரு தச்சன் செய்த இரு கட்டில்கள் ஒத்திருத்தலால் ஒன்றினின்று மற்றொன்று பிறந்ததாகுமோ?’ எனின், நன்று கடாயினாய். ஒப்புமை மாத்திரையால் உறவு துணியப்படாது. ஆயின் ஏடு ஒப்புநோக்கிப் பழகிய மடாலயப் புலவர்க்கு இதன் விடை எளிது. இரண்டு பிரதிகளில் நல்ல பாடம் ஒத்திருந்தால் அதனால் ஒன்றும் பெறப்படாது. ஒரே இடத்தில் ஒரே பிழை ஒத்திருந்தாலோ, இரண்டும் ஒரு மூல ஏட்டினின்று பெயர்த்தெழுதப்பட்டன என்று துணிகின்றோம். உடம்பின் ஏட்டிலும் அத்தகைய பிழை உண்டு. விலங்குகளிற் பெரும்பாலன உயிர்ச்சத்து ‘சி’ என்பதைத் தம் உடம்பிலேயே ஆக்கிக்கொள்ளும். தேவாங்கினமும் அவ்வாறே ஆக்கவல்லது. குரங்கும் மனிதனும் ஆக்கமாட்டாமல் நெல்லி முதலிய கனிகளாற் பெறுகின்றனர். அதனை ஆக்குதற்குரிய மரபணு இருவருடம்பிலும் இல்லாமற் போகவில்லை. சிதைந்த ஏடாய் இன்றும் உள்ளே கிடக்கின்றது. இதனால் இருவரும் தேவாங்கின் கிளை பிரிந்தபின் தோன்றிய ஒரு மூலத்தினர் என்பது போதரும். இன்றைய குரங்கு மனிதனைப் பெற்றது என்பது இதன் பொருளன்று. இருவர்க்கும் பாட்டன் ஒருவன் என்பதே பொருள்.

நம் நாட்டு ஆராய்ச்சியும் இத்துறையில் உண்டு. நீலகிரிக் கருமந்தியைத் தோற்றம் பற்றித் தென்கிழக்காசிய மந்திகளோடு சேர்த்தெண்ணியிருந்தனர். பிரவீண் கரந்த், லால்ஜி சிங் முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அஃது இந்நாட்டு அனுமந்த மந்தியின் கிளையே என்று காட்டிற்று.

இனிச் சித்தாந்தத்தின் நிலை யாது? தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையின் காரியம். காரியம் காரணத்துள் உள்ளதே வெளிப்படும் என்பது நம் சற்காரிய வாதம். ஆகவே ஒருடம்பினின்று மற்றோருடம்பு முறையே திரிந்து வந்ததென்பதால் நமக்கு வரும் இழுக்கு யாதுமில்லை. ஆன்மாவோ அநாதி, மாயையினின்று தோன்றியதன்று. சேலத்து நெசவாளன் ஒருவன் இன்று குழித்தறியிலும் நாளை விசைத்தறியிலும் அமர்கின்றான். இரு தறிகளும் ஒரு மரபின என்று தச்சன் ஆராய்ந்து கூறினால், நெசவாளன் தறிக்குப் பிறந்தான் என்று யார் கூறுவர்?

களிப்போரின் பிழையும் இதனால் விளங்கும். சிவபுராணத்தில் வரும் பிறவி வரிசையில் பாம்பிற்கும் மனிதர்க்கும் நடுவே கல் நிற்கின்றது. மனிதர்க்குப் பின் பேயும் கணமும் அசுரரும் முனிவரும் தேவரும் எண்ணப்படுகின்றனர். இஃது உடம்புகளின் வமிசாவளி ஆகுமா? ஓருயிர் வினைவயத்தால் உழன்று இளைத்த செலவினை இறைவன் திருமுன் முறையிடுவது அது. அதனை விஞ்ஞானத்திற்குச் சான்றாக்குவோர், திருவாசகத்தின் கண்ணீரைத் துடைத்துவிட்டு அதன் இடத்தில் ஓர் அட்டவணையை வைக்கின்றனர்.

எனினும் ஒரு தடை வலிது. மக்கள் மரபும் சிம்பன்சி மரபும் பிரிந்து சுமார் 60 அல்லது 70 இலட்சம் ஆண்டுகள் ஆயின என்பர். மாற்றம் சிறிது சிறிதாக நிகழ்ந்ததாயின், ‘இன்று முதல் மனிதன்’ என்று சொல்லத்தக்க நாள் ஒன்று இல்லை. அங்ஙனமாயின் வீடுபேற்றிற்குரிய யாக்கை எங்கே தொடங்கிற்று? நம்மவர் பலர் இவ்வினாவை நேர்நோக்காது மக்களுடம்பு தனியே வகுக்கப்பட்டதென்று சொல்லி அமைவர். அது சித்தாந்தமன்று. சித்தியார் மானுடப் பிறவியை அரிதென்று போற்றுவது, மனம் வாக்குக் காயங்களால் அரனை வழிபடுதற்கு அது வாய்த்த கருவியாதலாலேயாம். அப்பெருமை பயனால் வந்ததன்றிக் குலத்தால் வந்ததன்று. குரங்கை உறவென்ன நாணுவோர் நெஞ்சில், கண்ணப்பரையும் நந்தனாரையும் கண்டு நாணிய பழைய செருக்கே வேறுருவில் நிற்கின்றது.

கருவி குறைந்த இடத்தும் அருள் தடைப்பட்டதில்லை. சேலம் மாநகரில் சுகவனேசுவரரைக் கிளியுருவிற் சுகமுனிவர் வழிபட்டார் என்பது தலவரலாறு. திருவானைக்காவிற் சிலந்தி கோச்செங்கட் சோழராயிற்று. முசுகுந்தரின் முற்பிறப்போ குரங்கே. இரவெல்லாம் வில்வத்தைப் பறித்துக் கீழே எறிந்தது, கீழிருந்தவர் யாவரென்று அறியாமலே. ஆகலின் மனிதத் தொடக்கத்திற்கு எல்லைக்கல் நட நாம் கடமைப்பட்டவரல்லோம். உயிர்நூலார்க்கு அக்கல் அகப்படாமையால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை.

கடமை வேறிடத்தில் உளது. போலியோத் தடுப்பு மருந்தை முதலில் ஆக்கிய காலத்தில், இந்நாட்டினின்று ஏற்றுமதியான ரீசஸ் குரங்குகளின் சிறுநீரக அணுக்களை அதற்குப் பயன்படுத்தினர். அவ்வேற்றுமதி 1978-இல் தடுக்கப்பட்டது. மேற்கூறிய 2023-ஆம் ஆண்டு ஆராய்ச்சியும், குரங்குகளிடத்துத் தீங்கின்றி நிலவும் எழுத்து மாற்றங்களைக்கொண்டு மக்கள் நோய்க்குக் காரணமான மாற்றங்களைப் பிரித்தறிய உதவுகின்றது. நம் பிள்ளைகளின் கால்கள் நேராக நிற்பதில் அவ்வுயிர்களின் சாவிற்கும் பங்குண்டு. கொல்லாமையை நோன்பாகக் கொண்ட நாம் அம்மருந்தை மறுத்தோமா? மறுக்கவில்லை, மறுத்திருத்தல் வேண்டும் என்றும் கூறத் துணியோம். ஆயினும் ‘நாம் கொல்லவில்லை’ என்று நீறணிந்து அமர்ந்திருத்தல் வாய்மையாகாது. எழுத்தறிந்து செய்தற்குரிய பணியை உயிரறுத்துச் செய்தல் ஆகாதென்று கேட்கும் உரிமையேனும் நம்பாலுளது. அதனைக் கேட்கும் குரல் சைவர் அவைகளிலிருந்து இன்னும் போதிய அளவில் எழவில்லை.

தேவாங்கின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மாந்திரிகம் என்றும் மருந்து என்றும் சொல்லி அதன் கண்ணுக்காக அதனைப் பிடித்தனர். அதன் பெயரையும் வசைச்சொல்லாக்கினோம். நாமக்கல்லுக்குக் காவிரியின் அக்கரையிலுள்ள கரூர் மாவட்டத்துக் கடவூரையும் திண்டுக்கல் மாவட்டப் பகுதிகளையும் சேர்த்து 11,806 எக்டேர் காட்டினைத் தமிழக அரசு 2022-இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. அவ்வறிவிப்பிற்கு உயிர்நூலார் உழைத்தனர், மடங்கள் வாளாவிருந்தன.

அறப்பளீசுவரரைத் தொழுது மலையிறங்கும் அன்பர் பலர், புண்ணியமென்று கருதி வளைவுகளில் வண்டியை நிறுத்தி முறுக்கும் எண்ணெய்ப் பண்டமும் எறிகின்றனர். அவற்றிற்குப் பழகிய குரங்கு காட்டுக் கனியை மறந்து சாலைக்கு வருகின்றது. வந்தது சக்கரத்தில் அரைபடுகின்றது. சென்ற திங்கள் அங்ஙனம் கிடந்த தாயொன்றின் அருகே, அதன் மயிரைக் கோதியபடியே குட்டி அமர்ந்திருந்தது. நாம் வந்த வண்டியிலும் முறுக்குப் பொட்டலம் இருந்தது.